கடன் ரவுண்டு

ஆமா டாக்டரம்மா, வீட்டுக்காரர்தான் அடிச்சாரு. நீங்க கேட்டதுக்கு பதில் ஆமாதான், மறைக்கல. ஆனா கேட்டுட்டு ஒரு பார்வை பாத்தீங்க பாருங்க, ஐயோ பாவம்னு, அது மட்டும் வேணாம். அதக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். என்னை அடிக்கிறதுதான் அவரு வேலை. அவர அடிக்கிறதுதான் என் வேலை. ரெண்டு பேரும் அதுக்குத்தான் சம்பளம் வாங்குறோம். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

தைங்க, தைங்க. நான் ஆடாம இருக்கேன். மரத்துப்போற ஊசியா? போடுங்க, ஆனா பாலுக்கு ஒன்னும் ஆகாதே? பாப்பா இன்னும் குடிக்குது. வெளிய தொண்ட கிழியக் கத்துதே, அது எங்க பாப்பாதான். பெஞ்சுல ஒரு பெரியவரு மடியில வச்சுக்கிட்டு முழிக்கிறாரு பாத்தீங்களா, அவரு எங்க கூடத்துல ரவுண்டுக்கு ரவுண்டு வாயில தண்ணி ஊத்துறவரு. தண்ணி அண்ணன்னுதான் எல்லாரும் கூப்புடுவோம். ஒடஞ்ச மூக்கக் கையாலயே நிமுத்திருவாரு, ஆனா ஒரு கைக்கொழந்தைய எப்படிப் புடிக்கிறதுன்னு தெரியாது அந்த மனுசனுக்கு.

கூடம்னா பாக்ஸிங் கூடம். மேம்பாலத்துக்குக் கீழ, பழைய பிஸ்கட் கம்பெனிக் கட்டடத்துல, மாடிப்படி ஏறும்போதே வேர்வை நாத்தம் மூக்கப் பொளக்கும், அங்கதான். எங்க வீட்டுக்காரர் போட்டியில எறங்குறவரு. நான் எறங்குறவ இல்ல. நாங்க வேற ஜாதி ஆளுங்க, ஸ்பாரிங் பார்ட்னர்னு சொல்லுவாங்க. போட்டிக்குப் போறவருக்கு எதிர்ல எவன் வரப்போறானோ, அவன் எப்படி அடிப்பானோ, அதே மாதிரி நாங்க அடிச்சுக் காட்டணும். அவரு எங்க மேல அடிச்சுப் பழகிக்குவாரு. பேப்பர்ல அவரு போட்டோ வரும், எங்களுக்கு வீக்கம் வரும். எனக்கு அங்க பேரே செவுரு. எவ்ளோ அடிச்சாலும் சாய மாட்டேன்னு வச்ச பேரு. அந்தப் பேருல எனக்கு ஒரு திமிரு உண்டு, அதையும் சொல்லிர்றேன்.

அப்புறம் நான் இடதுகைக்காரி. இடதுகைக்காரங்க கெடைக்கிறது கஷ்டம். அதனாலதான் பொம்பளன்னு பாக்காம ஆம்பளைங்களோடயும் ரவுண்டு போட விட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் என் எடைதான், ஒரு பிடி சோறு கூடக்கொறைய இருக்கும். மொத தடவ நாங்க பாத்துக்கிட்டதே ரிங்குலதான். காதுல ஒன்னு விட்டேன், அதுக்கப்புறம்தான் என்னை ஏறெடுத்துப் பாத்தாரு. அப்பவே ஒரு கட்டு வச்சுக்கிட்டோம். கயித்துக்கு உள்ள வாடா போடா. கயித்துக்கு வெளிய வாங்க போங்க. உள்ள நடந்தத வெளிய கொண்டு வரக் கூடாது. கல்யாணம் ஆகியும் அந்தக் கட்டுல தப்புனதே கெடையாது.

வலிக்கல டாக்டரம்மா, நீங்க இழுங்க.

பாப்பா வயித்துல வந்ததும் நான் லீவு போட்டேன். எங்க மொதலாளி அந்த விஷயத்துல ஒழுங்கு. பிரசவ லீவுக்குப் பாதிச் சம்பளம்னா பாதிச் சம்பளம், மாசம் பொறந்தா பேங்க்ல விழுந்துரும். சொன்னபடியே விழுந்துச்சு. ஆனா பாதி இல்ல, முழுசாவும் இல்ல, அதுக்கும் மேல. எப்படின்னு கேளுங்க.

கூடத்துச் செவுத்துல ஒரு கரும்பலகை இருக்கு. ஆளுக்கு ஒரு வரி. ஒரு ரவுண்டு முடிச்சு எறங்குனா, உன் பேருக்கு நேரா சாக்பீஸால ஒரு கோடு போட்டுட்டுத்தான் தண்ணியே குடிக்கணும். கோட்ட எண்ணித்தான் ரவுண்டுக் காசு. இதுல எங்களுக்குள்ள இன்னொரு பழக்கம் உண்டு. யாராவது கை ஒடஞ்சோ மூக்கு ஒடஞ்சோ படுத்துட்டா, அவங்க வரி காலியாக் கெடக்கக் கூடாது. காலியாக் கெடந்தா அந்த ஆளு திரும்பி ரிங்குக்கு வரவே மாட்டாங்கன்னு ஒரு பயம். அதனால கடைசியா கூடத்தப் பூட்டிட்டுப் போறவங்க, படுத்திருக்கிறவங்க பேருல ஒரு கோடு போட்டுட்டுப் போவாங்க. நானே எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கேன். பழைய கணக்கருக்கு இது தெரியும், அந்தக் கோட்டையெல்லாம் எண்ணவே மாட்டாரு. அவரு வேலைய விட்டுப் போய், புதுசா ஒரு கண்ணாடிக்காரரு வந்தாரு. அவருக்கு க்ளவுஸ எந்தக் கையில போடுறதுன்னே தெரியாது. பலகையப் பாத்தா, செவுருன்னு ஒருத்தி, தவறாம தெனமும் கோடு. இவ்ளோ ஒழுங்கா வர்றவளான்னு நெனச்சிருப்பாரு. எண்ணிப் போட்டு அனுப்பிட்டாரு. என் கூட்டாளிங்க என் மேல வச்ச பாசத்துக்கு, கம்பெனி சம்பளம் குடுத்திருச்சு.

எனக்குத் தெரியாதான்னு கேக்குறீங்களா? தெரியாதுன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மனசுல கொஞ்சம் இடிச்சுது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பொறந்த கொழந்தைக்கு மஞ்சக்காமால, நீல வெளக்குக்குக் கீழ கண்ணக் கட்டிப் போட்டிருக்காங்க, இவருக்குத் தோள்பட்ட எறங்கிப் போய் ஒரு மாசம் சம்பாத்தியம் இல்ல, வீட்டுக்காரம்மா வாசல்ல நின்னு வாடகை கேக்குறா. அந்த நேரத்துல காசு வந்தா, எங்கருந்து வந்துச்சுன்னு யாரு தோண்டுவா? மொதலாளி நல்லா இருக்கணும்னு வாயார வாழ்த்திட்டுச் செலவு பண்ணிட்டேன்.

பாப்பாவுக்கு ஆறாவது மாசம் திரும்ப வேலைக்குப் போனேன். போன மொத நாளே கண்ணாடி ரூமுக்குக் கூப்ட்டாரு மொதலாளி. பல்லுக்குச்சிய மென்னுக்கிட்டே பேசுறாரு. அம்மா செவுரு, நீ வீட்டுல படுத்துக்கிட்டே நெறைய ரவுண்டு போட்டிருக்க போலிருக்கேன்னாரு. கண்ணாடிக்காரரு பக்கத்துல தலையக் குனிஞ்சுட்டு நிக்கிறாரு. நான் சொன்னேன், ஐயா, உங்க காசு ஒத்தப் பைசா எனக்கு வேணாம், மாசாமாசம் என் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமாப் புடிச்சுக்கோங்கன்னு. நாணயமாத்தான் சொன்னேன். அவரு யோசிச்சாரு. காசு எதுக்கும்மா, ரவுண்டுக்குத்தான குடுத்தேன், ரவுண்டாவே குடுத்துருன்னாரு.

விஷயம் என்னன்னா, எங்க வீட்டுக்காரருக்கு அடுத்து வர்ற பெரிய போட்டியில எதிராளி ஒரு இடதுகைக்காரன். வெளியிலருந்து ஒரு இடதுகைக்காரனக் கூட்டிட்டு வந்தா தெனம் அவனுக்குக் காசு அழுவணும். இங்க சும்மாவே ஒருத்தி மாட்டிக்கிட்டா. புருசனும் பொண்டாட்டியும் தெனம் ரெண்டு ரவுண்டு, கூலி கெடையாது, கடன்ல கழியும். நான் உடனே சரின்னுட்டேன். இதென்ன, நாங்க எப்பவும் போடுறதுதானன்னு. அப்பதான் அவரு இன்னொன்னு சொன்னாரு. நான் ரவுண்டு மணி அடிக்கிற எடத்துலயே உக்காந்திருப்பேன், நெஜ ரவுண்டா இருந்தாத்தான் கோடு, தடவிக் குடுக்குற ரவுண்டு கணக்குல வராதுன்னாரு.

மொத நாள் இவரு என்னை அடிச்சாருங்கிறீங்களா? ஜன்னல்ல தூசி தொடைக்கிற மாதிரி தொட்டுத் தொட்டு எடுத்தாரு. மணி அடிச்சுது. மொதலாளி தலைய ஆட்டிட்டாரு, கோடு கெடையாது. ரெண்டாவது, அதுவும் கெடையாது. நான் வீட்டுல பாப்பாவ அடுத்தவங்ககிட்ட விட்டுட்டு வந்து நிக்கிறேன். மாருல பால் கட்டிக் கல்லாட்டம் இருக்கு. இந்த ஆளு எனக்கு தூசி தட்டுறாரு. மூணாவது ரவுண்டுல எனக்கு வெறியேறிப் போச்சு. மணி அடிச்சதும் நேரா மூஞ்சியில ரெண்டு விட்டேன், வாயத் தொறந்தேன். உங்கம்மா உனக்குச் சோறு போட்டாளா தவிட்டப் போட்டாளாடா? நீயெல்லாம் எதுக்குடா கையில துணி சுத்துற, போய் எவனுக்காவது கால் அமுக்குடான்னு. எல்லார் முன்னாடியும். இன்னும் கேவலமாவும் கேட்டேன், அதெல்லாம் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அப்பதான் அடிச்சாரு. மூக்கு மேல ஒன்னு. கண்ணுல பூச்சி பறந்துச்சு, தொண்டையில ரத்தம் எறங்குச்சு, உப்புக் கரிச்சுது. தண்ணி அண்ணன் போய் பலகையில கோடு போட்டாரு. எனக்கு என்ன சந்தோஷம்ங்கிறீங்க! ரத்தத்த முழுங்கிக்கிட்டே சிரிச்சேன்.

அப்புறம் அதுதான் வழி. நான் அசிங்கமாத் திட்டுவேன், அவரு அடிப்பாரு, கோடு விழும். விலாவுல, வயித்துல, தாடையில. நெஞ்சுல கவசம் போட்டாலும் அடி உள்ள எறங்கும், பால் கசிஞ்சு சட்டையெல்லாம் நனைஞ்சுரும். பாக்குறவங்க வேர்வைன்னு நெனச்சுக்குவாங்க. நானும் வேர்வைன்னே விட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்தா துண்டுல ஐஸக் கட்டி எனக்கு ஒத்தடம் குடுப்பாரு. பாப்பாவுக்கு நான் பால் குடுக்குறப்ப பக்கத்துலயே வந்து உக்காந்துகிட்டு, வலிக்குதா, வலிக்குதான்னு கேட்டு அழுவாரு. அழாதீங்க, அழுதா நாளைக்குக் கை தளந்துரும்னு நான்தான் அதட்டுவேன். நல்ல மனுசன் டாக்டரம்மா. அப்ப நல்ல மனுசன்.

ஐஸ் வைக்கிறது எப்ப நின்னுச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. ஒரு நாள் குளிக்கப் போனவரு உள்ளருந்து, செவுரு, துண்டு எடுன்னாரு. வீட்டுல. அந்தப் பேரு கயித்தத் தாண்டி வந்தது அன்னிக்குத்தான். நான் துண்டக் குடுத்துட்டு வந்துட்டேன். இன்னொரு நாள் மேல் அலமாரியில பால் டப்பா எடுக்க அவரு கைய ஓங்குனாரு, நான் சடக்குன்னு தலைய சாச்சுட்டேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். நான் மொதல்ல நிறுத்திட்டேன்.

இருங்க, நான் மட்டும் வாங்கிட்டு இருந்தேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு அது அவமானம். ஒரு நாள் இவரு உள்ள பாஞ்சு வந்தாரு, வலது கை எறங்கியிருந்துச்சு. அது அவருக்கு எப்பவும் இருக்கிற கெட்ட பழக்கம். என் இடது கைய வளச்சு விலாவுக்குக் கீழ ஈரல்ல எறக்குனேன். ஈரல்ல பட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், படிச்சிருப்பீங்க. பட்ட ஒடனே ஒன்னும் ஆகாது. ஒரு மூச்சு விட்டு அப்புறம்தான் ஆளு மடங்கும். மடங்குனாரு. முட்டி போட்டு, ரெண்டு கையையும் ஊணி, கேன்வாஸ் மேலயே வாந்தி எடுத்தாரு. கூடமே விசிலடிக்குது. மொதலாளி எந்திரிச்சுக் கை தட்டுறாரு, இது ரெண்டு கோடும்மான்னு கத்துறாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு டாக்டரம்மா. பொய் சொல்ல மாட்டேன். என் புருசன் கீழ வாந்தி எடுத்துட்டு இருக்காரு, நான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுனேன்.

அதுக்கப்புறம் நாலஞ்சு நாள் அவரு என்கூடப் பேசல. பாப்பாகிட்டதான் பேசுவாரு. உங்கம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளும்பாரு. ரிங்குல நான் திட்ட வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே அந்த மூஞ்சி தயாரா இருக்கும். வேலைக்கு அடிக்கிற மூஞ்சி எனக்குத் தெரியும், எத்தன பேர்கிட்ட வாங்கியிருக்கேன். இது அது இல்ல. ஒரு தடவ மூலையில என்னை மடக்கி வச்சு, மணி அடிச்சும் விடல. தலைக்கவசம் கழண்டு கண்ண மறைக்குது, எனக்கு எதுவும் தெரியல, அடி மட்டும் விழுது. தண்ணி அண்ணன் பக்கெட்டக் கீழ போட்டுட்டுக் கயித்துக்குள்ள பூந்து, இவர இடுப்போட கட்டிப்புடிச்சு இழுத்தாரு. டேய், மணி அடிச்சாச்சுடா, மணி அடிச்சாச்சுடான்னு கத்துறாரு. மொதலாளி என்ன சொன்னாருன்னு நெனைக்கிறீங்க? சூடு புடிச்சிருச்சு ஆளுக்கு, இப்படியே போட்டிக்குப் போனாப் போதும்னாரு. அதுக்கும் சேத்து ஒரு கோடு போடச் சொன்னாரு.

ஏன் விட்டுட்டு வரலைன்னு கேக்குறீங்க. எங்க வர்றது? அடுத்தவன் காசு சும்மா வந்தத வச்சிருந்தான்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாதுன்னு ஒரு வீம்பு. மாசச் சம்பளத்துல கை வச்சிட்டா பால் பவுடருக்கு எங்க போறது? அப்புறம், செவுரு ரவுண்ட விட்டுட்டு எறங்கிட்டான்னு பேரு வரக் கூடாது. இந்த மூணுல எது பெருசுன்னு கேட்டா எனக்கே தெரியல.

கடைசி ரவுண்டு அன்னிக்குக் கூடத்துல ஒருத்தரும் வேலை செய்யல. எல்லாரும் ரிங்கச் சுத்தி நிக்கிறாங்க. நான் கயித்துல முதுகு குடுத்து, ரெண்டு கையையும் மூஞ்சிக்கு முன்னாடி பூட்டிக்கிட்டு நின்னேன். வாங்குனேன், வாங்குனேன், அப்படி வாங்குனேன். கடவாப் பல்லு ஒன்னு ஆடிப் போச்சு, இந்தா பாருங்க, இன்னும் ஆடுது. மணி அடிச்சப்ப ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு நின்னோம், விழாம இருக்கிறதுக்காக. தண்ணி அண்ணன் கடைசிக் கோட்டப் போட்டாரு. போட்டுட்டு ஈரத்துணியால என் கடன் கோடு மொத்தத்தையும் தொடச்சாரு. மொதலாளி என் கையப் புடிச்சுக் குலுக்குனாரு. நாணயமான பொம்பளம்மா நீ, கடன் தீந்துச்சு போன்னாரு. கண்ணாடிக்காரரு மட்டும் ஒரு ஓரமா நின்னுட்டு மூக்க உறிஞ்சிட்டு இருந்தாரு. பாவம், தப்பு பண்ணுனது அவரு ஒரு ஆளு, அழுததும் அவரு ஒரு ஆளு.

என்ன டாக்டரம்மா? இந்தப் புருவம் அந்த ரவுண்டுல கிழிஞ்சதான்னு கேக்குறீங்களா? இல்ல இல்ல. அது முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. நான் லீவுக்கு முன்னாடி பாத்த மாதிரி மத்தவங்களோடதான் இப்ப ரவுண்டு போடுறேன், கூலிக்கு. தலைக்கவசம் போட்டிருந்தா இப்படிக் கிழியாதேன்னு ஊசி போடும்போதே நெனச்சேங்கிறீங்க. சரியாத்தான் நெனச்சிருக்கீங்க. க்ளவுஸும் இல்ல. வெறும் கை.

போன வாரம் அவரு போட்டி முடிஞ்சுது. தோத்துட்டாரு. அந்த இடதுகைக்காரன் ஒன்னும் பெரிய ஆளு இல்ல, என்னைவிட மெதுவு. இவரு வழக்கம் போல வலது கைய எறக்குனாரு, அவன் போட்டான், ஆளு மல்லாந்துட்டாரு. அன்னிலருந்து வீட்டுலதான் இருக்காரு, செவுத்தப் பாத்துக்கிட்டு. இன்னிக்குக் காலையில பால் பாட்டில வெந்நியில போட்டுட்டு நின்னேன். அவரா வந்து, நான் எங்க தப்பு பண்ணேன்னு கேட்டாரு. கேட்டாரேன்னு சொன்னேன். வலது கைய எறக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன், அதான் வாங்குனீங்கன்னேன். வேலைப் பேச்சுதான். வாங்க போங்கன்னுதான் சொன்னேன்.

நான் திருப்பி அடிக்கல. அடிச்சிருந்தா அவரையும் இங்கதான் படுக்க வச்சிருப்பீங்க. அடுப்ப அணைச்சேன், கெளம்பிட்டேன். தண்ணி அண்ணன் சம்சாரம் ஒரு ரூம ஒழிச்சுப் போட்டிருக்காங்க, இங்கருந்து நேரா அங்கதான். நான் ரிங்குல திட்டுன திட்டுக்கு இது கெடைச்சுதுன்னு சொல்லுவீங்களோன்னு பாத்தேன். நீங்க சொல்லல. நானும் வழியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன், அது அதுக்கு அங்கயே கணக்கு முடிஞ்சுது. இது வேற.

சுத்தமான அடி, அதச் சொல்லித்தான் ஆகணும். இடுப்பத் திருப்பி, முழங்கையத் தூக்கி, இடது கையில வளச்சு விட்டாரு. நான் இடதுகைக்காரிம்மா. எனக்கு வலது கைதான் முன்னாடி நிக்கிற கை, தடுக்குற கை. அந்தக் கைய மீறி இந்த வலது பக்கம் இத்தன வருஷத்துல ஒருத்தரும் என்னைக் கிழிச்சதில்ல, அவரு உட்பட. இன்னிக்கு அந்தக் கையில பாப்பா இருந்துச்சு.